விருந்தாளி வந்தால் ஓடும் விசிறி

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர் வெய் அவர்களே, ஆலையின் துணை மேலாளர் துங் அவர்களே, மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, முன்வரிசையில் கையில் கறுப்புப் பட்டையோடு அமர்ந்திருக்கும் சாய்ஃபெங் அக்காவின் மகள் லின் ஜியே, இந்தச் சாப்பாட்டுக்கூடம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் என் ஆலைத் தோழர்களே, தோழியரே!

நான் மின்னேற்றப் பகுதி ஜுவாங் பெய்லின். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. இப்படிப்பட்ட இரங்கல் கூட்டங்களில் பெரியவர்கள் பேசுவார்கள், நாம் குனிந்த தலையோடு கேட்டுவிட்டுப் போவோம். இந்த முறை லின் ஜியே என்னைத்தான் பேசச் சொன்னாள். துங் அவர்கள் சற்று முன் என் தோளில் கை போட்டு, "நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடு பெய்லின், வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாது" என்றார். துங் அவர்களே, கவலைப்படாதீர்கள். நல்லதாகத்தான் பேசப் போகிறேன். ஆனால் நாலு வார்த்தையில் முடியாது.

எல்லோரும் ஒரு நிமிடம் சத்தமில்லாமல் இருங்கள். இந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஓர் இரைச்சல் வருகிறதே, கேட்கிறதா? பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்டுக்கொள்ளுங்கள். அது என்ன என்று நம் ஆட்களுக்குத் தெரியும். வந்திருக்கும் விருந்தினர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

தோழர்களே! யூ சாய்ஃபெங் என்ற பெயரை ஏரியின் மேற்குக்கரையில் இருக்கும் நம் பேட்டரி ஆலைக்கு வெளியே யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கை பட்ட பேட்டரிகள் எங்கெங்கே இருக்கின்றன! மின்சாரம் போனாலும் தொலைபேசிக் கோபுரம் செத்துப்போகாமல் நிற்கிறதே, அதன் அடியில் இருப்பது அவர் சுற்றிய தகடு. ரயில் சிக்னல் அணையாமல் எரிகிறதே, அதற்குப் பின்னால் அவர் சுற்றிய தகடு. பகலில் வாங்கிய வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்கிற, மேற்கே வெகுதூரத்தில் இருக்கும் சிங்காய் மேட்டுநிலத்துச் சூரிய மின்நிலையங்களில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய கறுப்புப் பெட்டிகளுக்குள்ளே இருப்பதும் அவர் சுற்றிய தகடுதான். ஒருமுறைகூட அவர் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. ரயில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று தன் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே போகாதவர்.

தகடு சுற்றுவது என்றால் என்ன என்று மேடையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஈயத் தகட்டை ஒரு கையால் எடுக்க வேண்டும். கண்ணாடி நார்த்தாளை மறு கையால் எடுத்து அதன்மேல் மடிக்க வேண்டும். அடுத்த தகடு. அடுத்த மடிப்பு. ஒவ்வொரு முறையும் தகட்டிலிருந்து மாவு போல் ஈயத்தூசி உதிரும். மேசைமேல் விழும், மடியில் விழும், மூக்குக்குள் போகும். வாயில் ஒரு தித்திப்பு நிற்கும். அந்தத் தித்திப்பு நல்லதல்ல, ஈயம் விஷம். ஆகவேதான் ஒவ்வொரு மேசைக்கு மேலும் தூசியை உறிஞ்சும் கூண்டும், அதன் முனையில் விசிறியும் இருக்கின்றன. சட்டப்படி இருக்கின்றன. பளபளவென்று இருக்கின்றன. ஓடத்தான் மாட்டா!

ஏன் ஓடவில்லை? குளிர்காலத்தில் கேட்டால், விசிறி கூடத்துச் சூட்டை வெளியே இழுத்துவிடும், பெண்கள் விறைத்துப்போவார்கள் என்றார்கள். என்ன கரிசனம்! கோடையில் கேட்டால், மின்கட்டணம் தாங்கவில்லை என்றார்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டி செய்து உலகத்துக்கெல்லாம் விற்கிற ஆலைக்கு, ஒரு விசிறி ஓட மின்சாரம் இல்லையாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

சாய்ஃபெங் அக்கா சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் வேலையில் உட்காரும் முன் சுவரோரம் போய்ச் சுவிட்சைப் போடுவார். மேற்பார்வையாளர் வந்து அணைப்பார். அக்கா எழுந்து போய்ப் போடுவார். அவர் அணைப்பார். பார்ப்பதற்குக் கணவன் மனைவி சண்டை மாதிரி இருக்கும். கடைசியில் சுவிட்சுக்கு ஒரு இரும்புப் பெட்டி மாட்டிப் பூட்டினார்கள். அதன் சாவி அன்றிலிருந்து துணை மேலாளரின் இடுப்பு வளையத்தில் தொங்குகிறது. துங் அவர்களே, சட்டையை இறக்கிவிட வேண்டாம். எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்த சாவிதான்.

என் பகுதியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய பேட்டரி செல்களை விற்பதற்கு முன் முழுக்க மின்னேற்றி, பிறகு முழுக்க இறக்கிப் பார்ப்போம். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்காமல் அனுப்ப முடியாது. இறங்குகிற மின்சாரத்தை எங்கே விடுவது? பெரிய பெரிய கம்பிச் சுருள்களில் விடுவோம். சுருள் பழுக்கச் சூடாகும், சூடு காற்றில் போகும். நாங்கள் அதன்மேல் டிபன் டப்பாவை வைத்துச் சோறு சூடு பண்ணுவோம். நனைந்த கையுறை காய வைப்போம். என்னுடைய ஊறுகாய்க் கீரையும் பன்றிக்கறியும் அதன்மேல் சூடாகிற வாசனைக்குப் பாதி ஆலை வரும்.

அக்காவும் தன் டப்பாவோடு வருவார். ஒருநாள் டப்பாவை வைத்துவிட்டுச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். சோறு தீய்ந்து போயிற்று. நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் தம்பி, கரண்டுக்குப் பஞ்சம்னு எங்க விசிறிய அணைக்கிறாங்க. இங்க நீங்க கரண்ட வெச்சு சோத்த சுட வைக்கிறீங்க?"

நான் என்ன சொல்வேன்? சுருளில் போகிற மின்சாரத்தை அப்படியே விசிறிக்குக் கொடுக்க முடியாது, நடுவில் மாற்றிக் கொடுக்கும் கருவி வேண்டும் என்றேன். அந்தக் கருவி நம் ஆலையில் இல்லையா என்றார். ஒன்றே ஒன்று இருக்கிறது, வாசல் காட்சி அறையில் என்றேன்.

காட்சி அறை எல்லோருக்கும் தெரியும். கூரைமேல் சூரியத் தகடுகள், கீழே நாம் செய்த பேட்டரி வரிசை, சுவரில் மாற்றுக் கருவி. வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட வைத்தது. அது இத்தனை காலமாக எதற்கு மின்சாரம் கொடுக்கிறது தெரியுமா? ஆலை வாசலில் இருக்கும் பெயர்ப்பலகைக்கு! சிவப்பு எழுத்துகள் விடிய விடிய எரிவதற்கு! பெயர்ப்பலகைக்கு மூச்சு முட்டுமா? பெயர்ப்பலகைக்கு இருமல் வருமா? ஈயம் ஏறிப் பெயர்ப்பலகையின் ஈறில் நீலக்கோடு விழுமா?

அக்கா போய்க் கேட்டார். பகலில் பலகை எரிவதில்லை, அந்த நேரம் அந்த மின்சாரத்தை எங்கள் விசிறிக்குக் கொடுங்கள் என்றார். இன்று வா, நாளை வா என்றார்கள். காட்சிக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்றார்கள். அவர் திரும்பி வந்து என் பகுதியில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்றார்.

அப்போதுதான் சிங்காயிலிருந்து பேட்டரி வாங்க ஆட்கள் வந்தார்கள். அவர்களின் தலைவர் நோர்சாங் என்று ஒரு குள்ளமான மனிதர், வெயிலில் கறுத்த முகம், எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். காட்சி அறையில் துங் அவர்கள் இந்தப் பேட்டரி வரிசையின் பெருமையை விளக்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் சிலர் ஓரமாக நிற்கிறோம். இந்த வரிசை எவ்வளவு சுமை தாங்கும் என்று நோர்சாங் கேட்டார். துங் அவர்கள் காகிதத்தைத் தேடினார். அதற்குள் அக்கா ஏப்ரனோடு முன்னால் போய்விட்டார்.

"காகிதம் எதுக்குங்க? எங்க கூடத்துல பெரிய விசிறிங்க இருக்கு. மாட்டிப் பாத்துடலாமே. நாள் முழுக்க ஓடுச்சுன்னா வாங்கிட்டுப் போங்க."

நோர்சாங்குக்கு அது பிடித்துப் போயிற்று. வாங்குகிறவர் பிடிக்கிறது என்று சொன்ன பிறகு விற்கிறவர் என்ன செய்வார்? துங் அவர்கள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நானும் என் ஆட்களும் கம்பி இழுத்து மாட்டினோம். இரும்புப் பெட்டி திறந்தது. விசிறிகள் ஓடின!

தோழியரே, உங்களில் எத்தனையோ பேர் அன்று அந்தக் கூடத்தில் இருந்தீர்கள். தகட்டிலிருந்து எழும்பிய தூசி மடியில் விழாமல் மேல்நோக்கிப் போனதைப் பார்த்தீர்கள். புகைபோக்கியில் புகை போவது போல் போயிற்று. சாயங்காலம் ஏப்ரனை உதறினால் ஒன்றும் விழவில்லை. ஒரு பெண் அழுதாள். யார் என்று சொல்ல மாட்டேன், இங்கேதான் இருக்கிறாள். நோர்சாங் மேசை மேசையாக நடந்து பார்த்தார். இது எப்போதும் இப்படித்தான் ஓடுமா என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா சொன்னார்: "நீங்க இருக்கற வரைக்கும் ஓடும்."

நோர்சாங் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கைகுலுக்கினார். அவர் கார் வாசலைத் தாண்டியதும் விசிறி நின்றது. அடுத்த நாள் எங்களையே கூப்பிட்டுக் கம்பியைக் கழற்றி மறுபடி பெயர்ப்பலகைக்கு மாட்டச் சொன்னார்கள். இது நடந்ததா இல்லையா? மேடையில் இருப்பவர்கள் யாராவது நடக்கவில்லை என்று எழுந்து சொல்லட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

அக்காவுக்கு என்ன பரிசு கிடைத்தது? தகடு சுற்றும் மேசையிலிருந்து எடுத்து, இதோ, இந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் அகப்பை பிடிக்கப் போட்டார்கள். லேசான வேலையாம். வயதுக்கு மரியாதையாம். அவர் எழுந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்? அவர் மகள் லின் ஜியேயை! வேறு இடம் காலி இல்லை என்றார்கள். தாயின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி யாருக்குத் தோன்றும்?

ஆனால் அவருக்கு வாய் அடைக்குமா?

வெள்ளிக்கிழமை தோறும் நமக்கு இங்கே பன்றி ரத்தக்கட்டி சூப் ஊற்றுவார்கள். இலவசம். ரத்தக்கட்டி தூசியைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. பஞ்சாலைக்காரன் குடிக்கிறான், தெருக்கூட்டுகிறவன் குடிக்கிறான், சுண்ணாம்புச் சூளைக்காரன் குடிக்கிறான். நம் அம்மாக்கள் குடித்தார்கள், நாமும் குடித்தோம். நானும் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. கூடத்தில் விசிறி நின்றிருக்கும், இங்கே பானையில் ரத்தம் கொதிக்கும். ஆலைக்கு அதில் எவ்வளவு சௌகரியம் என்று யோசித்தோமா? கிண்ணம் நிறைந்தால் நமக்கு மனசும் நிறைந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நாம் கிண்ணத்தோடு வரிசையில் நிற்கிறோம். பானை மூடியிருக்கிறது. அக்கா மூடிமேல் அகப்பையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஊற்றவில்லை. சமையற்காரர் பாவ் கெஞ்சிப் பார்த்தார். நாம் என்ன செய்தோம்? நமக்குக் கோபம் வந்தது. அவர்மேல்! சூப்பைப் பிடுங்கிக்கொள்கிறாள் என்று ஒருவன் கத்தினான். மேனேஜர்மேல் கோபமென்றால் எங்கள் வயிற்றில் ஏன் அடிக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். கிண்ணங்களை மேசையில் தட்டினார்கள். இந்தக் கூடமே அதிர்ந்தது. அக்கா எல்லோரும் தட்டி ஓயும்வரை பொறுத்திருந்தார். பிறகு சாதாரணமாக, தெருவில் காய்கறி விலை கேட்பது போலக் கேட்டார்:

"ரத்தத்தக் குடிச்சா ஈயம் போயிடும்னா, மேனேஜரு ஏன் ஒரு நாளும் இந்த வரிசைல வந்து நிக்கல?"

அவ்வளவுதான் கேட்டார். கிண்ணம் தட்டிய கைகள் கீழே இறங்கின. வரிசை கலைந்தது. அன்று பானையை யாரும் திறக்கவில்லை.

துங் அவர்களுக்கு உடனே சேதி போயிற்று. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். புகைப்படம் எடுக்க ஆளையும் கூட்டி வந்தார். அக்கா கிண்ணம் நிறைய ஊற்றினார். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார், வாயைத் துடைத்தார், போதுமா என்று கேட்டார். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அக்கா சொன்னார்: "குடிச்சாச்சில்ல? மருந்து உள்ள போயிடுச்சு. இப்ப வாங்க, எங்க பொண்ணுங்ககூட ஒரு நாள் உக்காந்து தகடு சுத்துங்க. விசிறி இல்லாமதான்."

துங் அவர்களே, நாங்கள் உங்களுக்காக லின் ஜியேயின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டோம். துடைத்து வைத்தோம். இன்னும் அது காலியாகத்தான் இருக்கிறது.

அதன்பின் அக்காவின் கையைப் பார்த்தவர்களுக்கு ஈயம் என்ன செய்யும் என்று தெரியும். அகப்பையைப் பிடிப்பார், மணிக்கட்டு தானாகத் தொங்கிப்போகும். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு ஊற்றுவார். சூப் பாதி மேசையில் சிந்தும். கால் வீங்கியது. முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார் மருத்துவர். ஆலையிலிருந்து வந்திருக்கும் இந்த மலர்வளையத்தின் பட்டையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். "நீண்டநாள் இரத்த அழுத்தத்தால் இயற்கை எய்திய" என்று எழுதியிருக்கிறார்கள். இயற்கையா? எந்த மலையிலிருந்து வந்தது இந்த இயற்கை? எந்த ஆற்றில் ஓடுகிறது? இருபது வயதில் மூட்டை தூக்கிக்கொண்டு இந்த ஆலைக்கு ஓடி வந்த பெண்ணுக்கு இரத்த அழுத்தத்தை வீட்டிலிருந்தா கட்டிக் கொடுத்தார்கள்?

எனக்குக் கோபம் வருகிறது, தோழர்களே. இரங்கல் கூட்டத்தில் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் அழுதுதான் பார்த்தேன். அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

மருத்துவமனையில் கடைசியாக அவரைப் பார்த்தது நானும் லின் ஜியேயும். பேசவே சிரமப்பட்டார். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகளின் ஏப்ரனில் ஒட்டியிருந்த சாம்பல் தூசியை அந்தத் தொங்கும் கையால் தட்டிவிடப் பார்த்தார். முடியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"விசிறி ஓடுதா தம்பி?"

"ஓடல அக்கா."

"அப்ப யாரும் வரல போலிருக்கு" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த நிலையிலும் சிரித்தார். மறுநாள் போய்விட்டார்.

விருந்தினர்களே, ஆரம்பத்தில் ஓர் இரைச்சலைக் கேட்கச் சொன்னேன் அல்லவா? அது தகடு சுற்றும் கூடத்து விசிறிகள். காலையிலிருந்து ஓடுகின்றன. அத்தனையும் ஓடுகின்றன! அந்தக் கூடத்துப் பெண்கள் அனைவரும் இங்கே உங்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஓர் ஆள் இல்லை, ஒரு தகடு இல்லை. காலி மேசைகளுக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன்? மாவட்டத்திலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள். அக்கா, கேட்கிறதா? யாரோ வந்திருக்கிறார்கள் அக்கா. உன் சாவுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். அதனால் விசிறி ஓடுகிறது!

இனி நான் சொல்வது என் சொந்தப் பேச்சு அல்ல. நேற்று தகடு சுற்றுகிறவர்களும் மின்னேற்றப் பகுதிக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது. அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை தகடு சுற்றும் கைகள் வேலை செய்யும். இரைச்சல் நின்றால் கைகளும் நிற்கும். விருந்தாளி இருந்தாலும் சரி, போனாலும் சரி. தகடு வராவிட்டால் மின்னேற்றப் பகுதிக்கு வேலை இல்லை, நாங்களும் சும்மா உட்கார்ந்து சோறு சூடு பண்ணிக்கொண்டிருப்போம். மின்கட்டணம்தான் கவலை என்றால், காட்சி அறைக் கம்பியை இழுத்து மாட்ட எங்களுக்குத் தெரியும். ஒருமுறை மாட்டியவர்கள்தான். பெயர்ப்பலகை கொஞ்ச நாள் இருட்டில் இருக்கட்டும். நம் பெயர் என்ன என்று நமக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. அந்த இரும்புப் பெட்டியின் சாவி துணை மேலாளரின் இடுப்பில் இருக்கக் கூடாது. மேசையில் உட்காருகிறவர் கையில் இருக்க வேண்டும். சாய்ஃபெங் அக்காவின் நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையில் இருக்க வேண்டும். லின் ஜியே, எழுந்து நில் அம்மா. எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்.

தோழர்களே, எழுந்து நில்லுங்கள். இந்தக் கூட்டம் வழக்கப்படி வணக்கத்தில் முடிய வேண்டும். இறந்தவர் படத்துக்கு மும்முறை குனிந்து வணங்கி வழியனுப்புவது நம் முறை. தலைவர் வெய் அவர்கள் முதல் வணக்கம் என்பார். குனிவோம், இடுப்பு மடியக் குனிவோம், அக்காவின் கைகளுக்காக. இரண்டாம் வணக்கம் என்பார். குனிவோம், அவர் நமக்காகப் பேசிய வாய்க்காக. மூன்றாம் வணக்கத்துக்கு இந்தக் கூடத்தில் ஒரு தலையும் குனியாது. நிமிர்ந்தே நிற்போம். அக்காவின் படம் சூப் பானைக்கு மேலே இதே சுவரில் இருக்கும். சாவி லின் ஜியேயின் கைக்கு வருகிற அன்று, எல்லோரும் இதே இடத்தில் மறுபடி கூடி, மிச்சமிருக்கும் வணக்கத்தைச் செய்து அவரை வழியனுப்புவோம். அதுவரை அவர் போகவில்லை. நாங்கள் போக விடவில்லை.

துங் அவர்களே, இன்றே தந்தாலும் எங்களுக்குச் சம்மதம்தான். நாங்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

வெய் அவர்களே, வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு மட்டும்.